ஆறரை நிமிட வீடியோ

"பென்டிரைவ சொருகுனமா, ஓட்டுனமான்னு இல்லாம... இன்னா சார் இது, இம்மாம் பெரிய சடங்கு?"

குரலைக் கேட்டதும் இசக்கிபாண்டியின் விரல்கள் லேப்டாப் மேலேயே நின்றுவிட்டன. 'நேரா பென்டிரைவுல இருந்து ஓட்ட மாட்டோம், லேப்டாப்புல ஏத்தி முழுசா ஓட்டிப் பாக்கணும்' என்று எல்லாரிடமும் சொல்வதைத்தான் குனிந்த தலை நிமிராமல் இவளிடமும் சொல்லியிருந்தான். இப்போது நிமிர்ந்தான்.

ஏலவார்குழலி!

அதே கண்கள்... கோபம் வந்தால் இன்னும் பெரிதாகிவிடும் கண்கள். வெளியே கொட்டிய மழை அவள் இமையிலும் நாலு துளி மிச்சம் வைத்திருந்தது. அந்தக் கண்கள் அவனைக் கண்டு ஒரு கணம் அகல விரிந்தன. அடுத்த கணமே முகம் இறுகிவிட்டது.

"ஓ... நீங்கதானா சார்? நாலு நிமிச வீடியோ. எங்க லைன்காரங்க போட்டோ. போட்டா போடுங்க, போடாட்டி போங்க."

பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். இத்தனை வருடம் கழித்துப் பார்த்தவனிடம் ஒரு 'நல்லாயிருக்கியா' கூட இல்லை. அதை எதிர்பார்க்கிற யோக்கியதையை அவன்தான் விட்டுவிட்டுப் போனானே!

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் குடும்ப விழா, படப்பைக் கல்யாண மண்டபத்தில். பெரிய திரையில் படம் ஓட்டுவது இசக்கிபாண்டியின் வேலை. மூன்று வருடம் முன்பு அவனும் அதே தொழிற்சாலையில், அவளோடு ஒரே உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்தவன். காலை ஷிப்ட் பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும். பென்னலூரில் ஏறுகிறவள் யாரையும் கேட்காமல் அதில் உட்காருவாள். டிபன் பாக்ஸைத் திறந்து, "ஹாஸ்டல் சோறு துன்னு துன்னு ஓணான் மாரி ஆயிட்டடா" என்று நீட்டுவாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தவனுக்கு அந்தப் பேச்சு பாதி புரியாது. புரியாததற்கும் சேர்த்துச் சிரிப்பான்... அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலைகள் அதற்குப் பிறகு வரவேயில்லை.

ஒருநாள் நோட்டீஸ் போர்டில் பட்டியல் வந்தது. அவள் பர்மனென்ட். அவனுக்குக் கான்ட்ராக்ட் முடிந்தது. அன்றே பெட்டியைக் கட்டினான், நம்பரை மாற்றினான். சொல்லிக்கொள்ளாமல் போனான்.

பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். இன்டர்நெட்டைத் துண்டித்தான். தானாக அப்டேட் ஆவது, தூங்கிப்போவது, டிங் என்று மெசேஜ் காட்டுவது, எல்லாவற்றையும் நிறுத்தினான். தண்டலத்தில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண் மேடையேறுகிற நேரம் பார்த்து லேப்டாப் அப்டேட்டுக்குப் போய், பெண்வீட்டார் இவனை அடிக்கவே வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இதில் அவன் கறார். சார்ஜர் ஒயரைக்கூட டேப் போட்டு ஒட்டினான்.

அவள் வீடியோவைக் காப்பி செய்தான். நாலு நிமிடம் என்றாளே... ஆறரை நிமிடம் காட்டுகிறதே?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினான். கேன்டீன், பொங்கல் கோலம், மழைக்கோட்டுடன் பஸ்ஸுக்கு ஓடும் கூட்டம்... ஒரு குரூப் போட்டோவில் ஓரமாக, ஒல்லியாக, சிரித்துக்கொண்டு அவனே நின்றான். நாலாவது நிமிடத்தில் 'நன்றி' வந்தது. அப்புறம் வெறும் கறுப்பு. நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைசி வரை பார்ப்பது அவன் பழக்கம்.

கறுப்புக்குள்ளிருந்து திடீரென்று பேச்சு. போனிலேயே எடிட் செய்து பின்னணிக் குரலும் பதிந்தவள், ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்திருக்கிறாள்!

"ஏய் குழலி, ஓரத்துல நிக்கிறவன கட் பண்ணிடவாடி?" இது அவள் தோழி கங்கா.

"வேணாண்டி... அவன் இருக்கட்டும்."

"மூணு வருசம் ஆவுது. இன்னும் நெனச்சுகினு இருக்கியா? நேர்ல வந்தா இன்னா கேப்ப?"

உடைந்த குரலில்... "சாப்டியான்னு கேப்பேன்."

இசக்கிபாண்டி ஹெட்போனைக் கழற்றினான். கண் கலங்கியிருந்தது. இது மட்டும் எண்ணூறு பேர் முன்னால் திரையில் ஓடியிருந்தால்? 'நன்றி'யோடு வீடியோவை வெட்டிச் சேமித்து, இன்னொரு முறை முழுசாக ஓட்டிப் பார்த்தான். விழாவில் அது சரியாக நாலாவது நிமிடம் நின்றது. மண்டபமே கைதட்டியது.

சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. இப்போது விட்டால் அவள் மறுபடி கிடைக்க மாட்டாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மழையில் ஓடினான்.

"குழலி... நான் இன்னும் சாப்பிடல."

படியில் கால் வைத்தவள் திரும்பினாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

"ஐயோ... அது வீடியோல இருந்துச்சா?"

"கடைசில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் மட்டுந்தான் கேட்டேன். வெட்டிட்டேன்."

"அதான் பாவம் பாத்து ஓடியாந்தியா?" கண்கள் பெரிதாயின. "அன்னிக்கு ஏன்டா சொல்லாம போன?"

"பட்டியல்ல ஒன் பேரு பர்மனென்ட்ல இருந்துச்சுல்லா. எம்பேரு எதுலயுமே இல்ல... ஒன் முன்னால வந்து நிக்கக் கூச்சமா இருந்துச்சு."

"நான் உன் வேலயவா கேட்டேன்? உன்னத்தானடா கேட்டேன்..." உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மானம், மரியாதை என்று அவன் நினைத்துக்கொண்டு போனது அவளுக்கு வெறும் தண்டனையாக இருந்திருக்கிறது. அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் ஜன்னலெல்லாம் தலைகள். குழலி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். மழைச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"யம்மா... அந்த ஸ்ரீவைகுண்டத்தான் கெடச்சிட்டான்மா!"

"கைய கெட்டியா புடிச்சுக்கடி! மறுபடி எங்கனா ஓடிடப் போறான்!"

இசக்கிபாண்டி போனருகே குனிந்தான். "ஓட மாட்டேன் அத்தை. ஒங்க மகளக் கட்டிக்கிடணும்னு ஆசையா இருக்கு..."

"அடப்பாவி! இத எங்கிட்டத்தான மொதல்ல சொல்லணும்!" அழுகையும் சிரிப்புமாய் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள் குழலி.

அவன் அவள் பக்கம் திரும்பினான். பஸ் முழுக்கக் கேட்கும்படி, கூச்சமே இல்லாமல் சொன்னான்.

"எனக்கு ஒன்னத்தான் புடிச்சிருக்கு குழலி... அன்னைலேருந்தே."