மாமன் வைத்த பேனர்

உலை கொதிக்கும்போதே செல்போன் அலறியது. வீட்டுக்கு ஒரே போன். கெங்கம்மாவின் கணவன் சின்னப்பையன் எடுத்தான். "எழில் இல்லியா?" என்றது ஓர் இளவட்டக் குரல், உடனே வைத்துவிட்டது.

"பாத்தியாடி உன் வளர்ப்ப! பதினாலு வயசுல எவன் எவனோ கூப்டறான்... ஸ்கூலும் வேணா, ஒண்ணியும் வேணா. வூட்லயே கெடக்கட்டும்!"

கெங்கம்மா பேசிப் பேசி ஓய்ந்திருந்தாள். மகளுக்குச் சடங்கு முடிந்ததிலிருந்து இதே கூத்துதான். "நான் யாருக்கும் நம்பர் குடுக்கலம்மா" என்று முதலில் கதறிய எழில்மொழி, இப்போது அழுவதைக்கூட விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

கெங்கம்மாவின் தம்பி பாரி உள்ளே வந்தான். "யாருன்னு சொல்லு எழிலு. அவன் கைய ஒடைக்கிறேன்!"

அவள் மாமனைப் பார்த்தாள்.

மறுபடியும் மணி அடித்தது. கணவன் பாய்வதற்குள் கெங்கம்மா எடுத்துக்கொண்டாள். திட்டவில்லை.

"தம்பி, இந்த நம்பரு உனுக்கு ஏது?"

"எர்ணாவூர் பஸ் ஸ்டாப்பாண்ட பேனர்ல கீதுக்கா... போட்டோகூட சோக்கா கீது!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

கெங்கம்மா கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

தாய்மாமன் சீரென்றால் சும்மாவா! எழிலின் மஞ்சள் நீராட்டுக்குப் பாரி ஆசை ஆசையாய் வைத்த பேனர், அவிழ்க்க ஆளில்லாமல் இன்னும் அங்கேயே நின்றது. பட்டுப்புடவையில் ஆளுயர எழில். கீழே அவள் பெயரும், விழாவுக்கு வருகிறவர்கள் வழி கேட்டு வரட்டுமென்று வீட்டு நம்பரும். ஊரே அதைப் படித்திருக்கிறது. வீட்டார்தான் நினைத்துப் பார்க்கவில்லை.

அறுத்துக் கொண்டுவந்து வீட்டுக்குள் விரித்தாள். அறை முழுக்க மகளின் முகம்.

"படிங்க! எம் பொண்ணு யாருக்கும் குடுக்கல... நம்பளேதான் ஊருக்குக் குடுத்துக்கீறோம்!"

பாரி தலையில் அடித்துக்கொண்டு எழிலின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "நல்லதுக்குத்தானே போட்டேன்... மாமாவ மன்னிச்சுடும்மா!"

சின்னப்பையன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நாளைக்கு ஸ்கூலுக்குப் போ கண்ணு..." என்றான்.

எழில் நிமிர்ந்தாள். கோபமில்லை, மகிழ்ச்சியும் இல்லை.

"நாளைக்கு மட்டுமா நைனா... தெனிக்குமா?"

கெங்கம்மா மகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "தெனிக்கும்டி... தெனிக்கும்!"

எழிலின் கைகள் மட்டும் தாயைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன.