மூன்று தட்டு

கையுறைக்குள் சூடு இருந்தது. இரண்டு நாள் பூட்டிக் கிடந்த அறை. திங்கட்கிழமை மத்தியானம் விஜயஸ்ரீ கையை விட்டபோது, யாரோ இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டுப் போனது போலிருந்தது. சித்திரை வெயிலுக்கு ரப்பர் சுடாமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே, அது அவளிடம் மிச்சமில்லை.

வண்ணார்பேட்டையில் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி நிலையம். ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு வால்வு திருகச் சொல்லித்தரும் இடம். ஆனால் மருந்துக்கும் அங்கே ஒரு வால்வு கிடையாது. ஹெல்மெட்டை மாட்டினால் கம்ப்யூட்டர் வரைந்த வால்வு கண்முன்னே நிற்கும். கையை நீட்டித் தொட்டால், கையுறை விரல்களுக்குள் இருக்கும் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகளைக் கம்ப்ரசர் ஊத, அசல் இரும்பைப் பிடித்த மாதிரி விரல்கள் அழுந்தும். வாத்தியாரின் பிடியைப் பதிந்து வைத்தால், படிக்கிறவன் கைக்கும் அதே பிடி வரும். வாத்தியார் சிவசைலம் அண்ணாச்சி. நாற்பது வருஷம் வால்வு திருகியவர். வலது சுண்டுவிரலில் பாதியை ஆலைக்குக் கொடுத்தவர்.

ஹெல்மெட்டுக்குள் வெளிச்சத்தம் கேட்காது. அதனால் ஓர் ஏற்பாடு: பாடம் முடிந்ததும் அண்ணாச்சி மேஜையில் மூன்று தட்டுத் தட்டுவார், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் விஜயஸ்ரீ பதிவைச் சேமிப்பாள். போன மாதம் ஏழாம் பாடத்தில் அவர் தட்டினார். தூக்கம் கெட்டுக் கிடந்தவள், மேஜையில் சாய்ந்தபடியே கையை மட்டும் நீட்டிச் சேமித்தாள். மறுபடி தட்டினார். அதான் சேமித்தாயிற்றே என்று எரிச்சல்பட்டாள். அரைமணி கழித்து எழுந்துபோய்ப் பார்த்தால், அண்ணாச்சி ஹெல்மெட்டோடு அண்ணாந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். இரண்டாம் முறை தட்டியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நாளைக்குப் படிக்கிறவர்களின் முதல் அணி வருகிறது. ஏழாம் பாடத்தில் அவருடைய கடைசிப் பிடி இருந்தால், வேறு யார் கையிலும் படும் முன்னே அதை அழித்துவிட வேண்டும்.

பழைய பாடத்தை ஓட்டிப் பார்ப்பவரின் பிடியும் அடுத்த பாடமாகப் பதிவாகும்; அதைச் சேமித்தால்தான் கம்ப்யூட்டர் பழையதை அழிக்க விடும். கூட்டிப் பெருக்கும் ஜுபைதா பீவியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, மூன்று தட்டுக் கேட்டால் இந்தப் பொத்தானை அமுக்கச் சொன்னாள்.

"சரி டீச்சர். பேன் காத்துல செத்த கண்ண மூடிக்கிடுதேன். தட்டுனா முழிச்சுருவேன்."

விஜயஸ்ரீ ஹெல்மெட்டை மாட்டினாள். பச்சை வால்வு. விரல்களில் காற்று ஏறியது. அண்ணாச்சியின் பிடியேதான், அவசரமில்லாத பிடி. "பையப் பிடி தாயி, அது எங்கயும் ஓடிராது" என்பார். சுண்டுவிரலின் மேல்பாதி மட்டும் அழுந்தவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாதியில் பிடி வால்வை விட்டது. எதையோ துழாவியது. பிறகு அவள் மணிக்கட்டைப் பற்றியது.

மணிக்கட்டில் காற்றுப் பை கிடையாது.

காலால் துழாவிக் கம்ப்ரசர் வயரை இழுத்துப் பிடுங்கினாள். தரையின் அதிர்வு நின்றது. பிடி நிற்கவில்லை. இறுகியது. இடது தோளிலிருந்து ஒரு வலி இறங்கியது. மூச்சு நெஞ்சிலேயே நின்றது. கத்த வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

வலது கை தானாக உயர்ந்தது. மேஜையில் விழுந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஜுபைதாக்கா, எழுந்து வாங்க. எழுந்து வந்து பாருங்க.

வால்வுக்கு மேலே ஒரு வரி ஒளிர்ந்தது: எட்டாம் பாடம் சேமிக்கப்பட்டது.

அதன் கீழே கம்ப்யூட்டர் வரைந்த அவள் கை. சுண்டுவிரலில் பாதி இல்லை. அது மறுபடி தட்டத் தொடங்கியது.