டாக்டர் வீட்டில் டைனோசர் பல்

பெட்டியைத் திறந்து பல்லைக் கையில் எடுத்ததுமே எழிலரசிக்குச் சந்தேகம் தட்டியது. கல்லுக்குரிய குளிர்ச்சி அதில் இல்லை. கனமும் இல்லை.

2011 டிசம்பர் 30, காலை எட்டு மணி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல் டாக்டர் தேவநாதனின் மாடி வீடு, கீழே அவர் கிளினிக். வெளியே 'தானே' புயல் ஊரைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வேப்பமரம் வேரோடு சாய்ந்து வாசல் கேட்டை அடைத்துக் கிடந்தது. கரண்ட் இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை.

"இன்னா மேடம், மூஞ்சி மாறுது?" என்றார் தேவநாதன்.

"இது நேத்து நான் பாத்த பல்லு இல்ல டாக்டர். டூப்பு."

புதுச்சேரி பழம்பொருள் வியாபாரி ஜெயப்பிரகாஷ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். மொராக்கோ பாலைவனத்தில் கிடைத்த, கல்லாகிப்போன அந்த டைனோசர் பல்லை அவன் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் வாங்கியிருந்தான். தேவநாதனின் கண்ணாடி அலமாரியில் சுறா, யானை, முதலை என்று எல்லாப் பல்லும் உண்டு. டைனோசர் மட்டும் இல்லை. சிதம்பரத்தில் கல்லூரியில் நிலவியல் நடத்தும் எழிலரசி தன் கண்ணெதிரே சோதித்துச் சொன்னால்தான் பணம் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நேற்று மாலை அவள் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ரம்பம் போன்ற விளிம்பு, எனாமலில் மயிரிழை விரிசல். அசல் என்றாள். பல் பீரோவுக்குள் போனது, சாவி கூடத்து ஆணிக்கு. மழை வலுத்துவிட்டதால் இருவருமே அங்கே தங்க நேர்ந்தது. ஜெயப்பிரகாஷ் கூடத்திலும், எழிலரசி டாக்டரின் மனைவி லோகநாயகியோடு உள்ளறையிலும் படுத்தார்கள். காலையில், பணம் கொடுக்குமுன் இன்னொரு தடவை பார்த்துவிடச் சொல்லி டாக்டர்தான் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"இப்பத்தான் புரியுது," என்றார் தேவநாதன். "இவன் முன்னாடியே அச்சு எடுத்து டூப்பு செஞ்சி வச்சிருக்கான். நீங்க அசல்னு சொல்லுவீங்க, ராத்திரி இவன் மாத்திடுவான். நல்ல கூட்டு! மரத்த அறுத்ததும் நேரா ஸ்டேஷன்தான். இல்லன்னா, டூப்ப எடுத்துக்கினு ரெண்டு பேரும் சத்தமில்லாம போயிடுங்க."

"டாக்டர், என் பைய கொட்டிப் பாருங்க!"

கொட்டியே பார்த்தார்கள். இரண்டு சட்டைகளும் ஒரு துண்டும்தான் விழுந்தன.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. காற்று கதவை அறைந்தது. விஷயம் கல்லூரிக்குப் போனால் எழிலரசியின் சொல்லை இனி யார் நம்புவார்கள்? ஓடிப்போகவும் வழியில்லை. ஆனால் அதே காரணத்தால் அசல் பல்லும் இந்த வீட்டை விட்டு வெளியே போயிருக்க முடியாது.

"அக்கா, ஒரு ஊசி குடுங்க. அடுப்ப பத்த வைங்க."

பழுக்கக் காய்ச்சிய ஊசியை அந்தப் பல்லில் வைத்தாள். சர்ரென்று இறங்கியது. பிளாஸ்டிக் நாற்றம் கூடத்தை நிறைத்தது. லோகநாயகி மூக்கைப் பொத்திக்கொண்டு கணவனைத் திரும்பிப் பார்த்தாள். எழிலரசி பல்லைக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஜெயப்பிரகாஷ், மொத மொத சிதம்பரத்துக்கு எங்கிட்ட கொண்டாந்தப்ப, அடியில என்ன இருந்தது?"

"மண்ணு மேடம். இறுகிப்போன செம்மண்ணு. நீங்கதான் ஊசியால நோண்டி எடுத்தீங்க."

"எதுக்கு?"

"ரெண்டு ஒடஞ்ச பல்ல ஒட்டி, ஒட்டு தெரியாம மண்ணப் பூசி விப்பாங்கன்னு சொன்னீங்க."

"ஒட்டு இருந்ததா?"

"இல்ல. மொளகு அளவுக்கு ஒரு பள்ளம்தான் இருந்துச்சு."

"அப்புறம் எங்க போன?"

"அன்னிக்கே பஸ் ஏறி நேரா இங்கதான். பாத்துட்டுத் தரேன்னு டாக்டரு வாங்கி வச்சிக்கினாரு. நேத்து வரைக்கும் என் கைக்கு வரல."

தேவநாதன் குறுக்கிட்டார். "ஆமா, மூணு வாரமா எங்கிட்டதான் இருந்துச்சு. யாரு இல்லன்னா? இவன் அதுக்கு முன்னாடியே அச்சு எடுத்துட்டான்னுதானே சொல்றேன்!"

"எடுத்திருக்க முடியாது டாக்டர்." எழிலரசி பல்லை அவர் முன் நீட்டினாள். "இந்தப் பள்ளம் இதுலயும் இருக்கு. நான் நோண்டுற வரைக்கும் அது மண்ணுக்குள்ள மூடிக் கெடந்தது. முன்னாடி அச்சு எடுத்திருந்தா மண்ணு மேடுதான் பதிஞ்சிருக்கும். மண்ணு போனப்புறம் பல்லு இருந்தது ஒங்க ஒருத்தர்கிட்டதான். மண்ணு இருந்ததே ஒங்களுக்குத் தெரியாது. ஒங்க கைக்கு வந்தது சுத்தம் பண்ண பல்லு."

"எனக்கு எதுக்கு மேடம் டூப்பு?"

"பீரோ காலியா இருந்தா நீங்க பதில் சொல்லணும். டூப்பு இருந்தா பதில் சொல்ல வேண்டியது இவரு. பணமும் மிச்சம், பல்லும் ஒங்களுக்கு. அச்சு எடுக்கறது ஒங்க தொழில்தானே?"

தேவநாதன் வாய் திறக்குமுன் லோகநாயகி பேசினாள். "போன வாரம் பூரா கிளினிக்லேருந்து இதே நாத்தம் வந்துச்சி. பல்செட்டு செய்யறேன்னீங்க. அந்த வாரம் ஒரு பேஷண்ட்டு கூட வாசப்படி ஏறலியே."

அவள் கீழே கிளினிக்குக்குப் போனாள். தேவநாதன் தடுக்கவில்லை. திரும்பி வந்தவள் கையில் பஞ்சில் சுற்றிய பல் இருந்தது. எழிலரசி தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

"பணத்த இப்பவே குடுத்துடறேன் ஜெயப்பிரகாஷ்," என்றார் தேவநாதன் தாழ்ந்த குரலில். "வெளிய சொல்லிடாத."

"வேணாம் டாக்டர்." பல்லைத் துண்டில் முடிந்து மடியில் செருகிக்கொண்டான்.

உடனே கிளம்ப இருவரும் துடித்தார்கள். முடியவில்லை, காற்று இன்னும் ஓயவில்லை. லோகநாயகி உப்புமா கிண்டி மூன்று தட்டில் போட்டாள். ஒன்றை ஜெயப்பிரகாஷிடமும் ஒன்றை எழிலரசியிடமும் கொடுத்துவிட்டு, மூன்றாவதோடு அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேவநாதன் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்து, மரம் அறுக்க யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.