கேமரா போடாத கமலம்

அருவருப்பு என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் பல் மருத்துவர். ஊரார் வாய்க்குள் கை விட்டுத்தான் சோறு தின்கிறேன். சீழ் வைத்த ஈறு, வெற்றிலைக் கறை, பல்லிடுக்கில் மக்கிப்போன மீன் துணுக்கு, எல்லாம் பார்த்தாயிற்று. அப்படிப்பட்ட நானே விருத்தாசலத்தில் குடிவந்த அன்று, அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

வீடு என்னவோ நல்ல வீடுதான். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் சந்தடி இல்லாத தெரு. முன்னறையில் கிளினிக், உள்ளே குடித்தனம். கொல்லையில் ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. முன்பு அங்கே பீங்கான் பொம்மை செய்தார்களாம். சுவரோரம் வெள்ளை பிளாஸ்டர் அச்சுகள் அடுக்கிக் கிடந்தன. நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் கரைத்த களிமண் மோர்போல நின்றது. மேலே கறுப்பு ஏடு படிந்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

"இதைக் கொட்டிடக் கூடாதா?" என்று வீட்டுக்காரம்மா ஆண்டாளிடம் கேட்டேன்.

"ஐயோ, வேணாங்க டாக்டரம்மா. மண்ணு புளிக்கப் புளிக்கத்தான் அச்சுல நல்லாப் புடிக்கும். இத ஊத்தி வச்சா அச்சு தண்ணியக் குடிச்சிடும். ஓரத்துல தோலு மாதிரி கட்டிக்கும். மிச்சத்தக் கவுத்துட்டா பொம்மை ரெடி, உள்ள ஒண்ணும் இருக்காது. வாங்கிக்கிறேன்னு ஒருத்தரு சொல்லியிருக்காரு, அதுவரைக்கும் கெடக்கட்டும். நான் கொட்டாயப் பூட்டிடுறேன்."

பூட்டினார். நாற்றத்துக்கு யார் பூட்டுப் போடுவது? பகலில் சாம்பிராணியும் சாயங்காலம் ஊதுவத்தியுமாகச் சமாளித்தேன். என் மகள் தென்றலுக்கு அது பழகிவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதுதான் பழகாது. என் கணவர் பாலகிருஷ்ணன் ஞாயிறுதோறும் திட்டக்குடிக்கு நிலத்தைப் பார்க்கப் போய்விடுவார். அன்று தென்றலும் நானும் மட்டும்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் கலர் பென்சிலோடு உட்காருவாள். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சினிமா வட்டத்தில் சேர்ந்துகொள்வேன்.

அந்த வட்டத்தை நடத்துபவர் மங்களூர் நல்லமுத்து. நம் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர், சினிமாப் பைத்தியம். வாரம் ஒரு படத்தை எல்லோரும் அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு, ஞாயிறு மதியம் வீடியோவில் கூடிப் பேசுவோம். ஒரு முறை ஒரு படத்தை வைத்து இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு நல்லமுத்து ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அதற்கு ஆள்மாத்து என்று பெயர். யாரும் தன் கருத்தைத் தானே பேசக் கூடாது. இரண்டிரண்டு பேராகத் தனி அறையில் பேசி, ஒருவர் பெயரை இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். திரையில் கட்டத்துக்குக் கீழே இருக்கும் பெயரையும் மாற்றிக்கொண்டு, அவராகவே பேச வேண்டும். கூட்டம் முடியும்போது "இந்தாங்க உங்க பேரு" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்தவன் வாயில் நம் கருத்து சிரிப்பாகிவிடும், சண்டை வராது.

அந்த வாரப் படம் ஒரு கிறுக்குத்தனமான காமெடி. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போகிற ஒரு குமாஸ்தாவின் முகம் கேமராவில் விழுவதில்லை. அவன் அக்கம்பக்கத்தாரிடம் முகத்தைக் கடன் கேட்கிறான். அவர்களும் பாலாடையை எடுப்பதுபோல உரித்துக் கொடுக்கிறார்கள். கடைசியில் அவனைப் போலவே ஒரு தெரு நிறைய ஆட்கள் அவன் வீட்டு வாசலில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க, மனைவி சலிக்காமல் எல்லோருக்கும் பரிமாறுகிறாள். எனக்குக் குமட்டியது.

"இதுல என்னா சிரிப்பு இருக்குது?" என்றேன். "ஒருத்தன் மூஞ்சிய இன்னொருத்தன் ஈரத்தோட எடுத்து ஒட்டிக்கிறான். கண்றாவி."

"டாக்டரே, உங்களுக்கே கொமட்டுதுன்னா படம் ஹிட்டுதான்!" நல்லமுத்து தொடையைத் தட்டிச் சிரித்தார். "இருங்க, ஆள்மாத்துக்குப் பிரிச்சு விடுறேன். நீங்களும் கமலம் அம்மாவும் ஜோடி."

கமலம் புதிது. நான் விருத்தாசலம் வந்த சமயத்தில்தான் வட்டத்தில் சேர்ந்தார். ஒரு நாளும் கேமரா போட்டதில்லை. கறுப்புக் கட்டம், அதன் கீழே பெயர், அவ்வளவுதான். தனி அறையில் நாங்கள் இருவரும் மட்டும் ஆனபோது, வாய் நிறைய மாவை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"உங்களச் சொல்லுங்க."

என்ன சொல்ல? பல் டாக்டர், சட்டென்று கோபம் வரும், எதைப் பார்த்தாலும் முகம் சுளிப்பேன் என்றேன்.

"எப்பிடிச் சிரிப்பீங்க?"

சிரித்துக் காட்டினேன். மூக்கால் ஒரு சீறல் வந்துதான் என் சிரிப்பு தொடங்கும்.

"வூட்ல யாரு இருக்காங்க?"

"பொண்ணு. பேரு தென்றல். ஆனா நான் சுண்டெலின்னுதான் கூப்புடுவேன்."

"கூப்ட்டுக் காட்டுங்க."

நான் ஒரு முட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? "சுண்டெலீ..." என்று கடைசி எழுத்தை இழுத்து, வழக்கம்போலப் பாட்டாகக் கூப்பிட்டேன். ஹாலிலிருந்து தென்றல், "என்னம்மா?" என்றாள்.

கறுப்புக் கட்டத்துக்குள் யாரோ எதையோ விழுங்கினார்கள். அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"இப்ப நீங்க உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"எங்கிட்ட என்னாங்க இருக்குது" என்றது குரல்.

பொது அறைக்குத் திரும்பினோம். சிவசங்கரி என்ற என் பெயரை மாட்டிக்கொண்ட கறுப்புக் கட்டம் படத்தைக் கிழி கிழி என்று கிழித்தது. "ஈரத்தோட எடுத்து ஒட்டிக்கிறான், கண்றாவி" என்று என் எரிச்சலோடு சொன்னது. என் சீறலோடு சிரித்தது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். எனக்கோ, என் பல் துலக்கியை யாரோ வாயில் போட்டுக் கடிப்பதுபோல இருந்தது.

"சரி சரி, பேரத் திருப்பிக் குடுங்க எல்லாரும்" என்றார் நல்லமுத்து.

ஒவ்வொரு ஜோடியாகக் கொடுத்தார்கள். எங்கள் முறை வந்தது. "இந்தாங்க உங்க பேரு, கமலம்" என்று நான் சொன்னேன்.

கறுப்புக் கட்டத்தின் கீழே என் பெயர் அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, கூடவே இணையமும் அறுந்தது.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. வெயில் ஜன்னலில் அப்படியே நின்றது. தூரத்தில் ஜங்ஷன் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி தடதடத்துப் போனது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. சாம்பிராணி, ஊதுவத்தி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அந்த நாற்றம் உள்ளே வந்தது. அன்று அது காற்றில் மிதக்கவில்லை. நாக்கில் ஒட்டியது. துப்பினாலும் போகவில்லை. வாஷ்பேசினுக்குப் போய் வாய் கொப்பளித்து, பின்னும் நாற்றம் போகாமல் சோப்பைப் போட்டு உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

நல்லமுத்து.

"டாக்டரே, கரண்ட் போயும் திரும்பி வந்து கலக்கிட்டீங்க! அம்மாம் நேரம் பேசுனீங்களே, இன்னிக்குத்தான் நல்லாச் சிரிச்சீங்க. ஆனா மூஞ்சிக்கு என்னா போட்டிருந்தீங்க? ஃபேஸ் பேக்கா?"

"நான் வரலைங்க. இங்க இன்னும் கரண்ட் இல்ல."

அவர் சிரித்தார். பிறகு என் குரலைக் கவனித்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

"வெளையாடாதீங்க. கமலம் அம்மா கட்டம் போயிடுச்சு. நீங்க வந்தீங்க. போட்டோ கூட எடுத்தேன்."

"அந்தக் கமலம் யாரு? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கா? நீங்க சேத்துவிட்ட ஆளுன்னுல்ல நெனச்சேன். நீங்க விருத்தாசலம் போனப்பதான வந்தாங்க..."

படத்தை அனுப்பினார். திறந்தேன்.

என் முகம்தான். ஈரமாக, சாம்பல் நிறத்தில். இமை முடிகள் தனித்தனியாக இல்லை, ஒட்டிக் கிடந்தன. நெற்றி நடுவிலிருந்து மூக்கு, உதடு, தாடை வரை ஒரு தையல் கோடு. இரண்டு பாதியாகச் செய்த அச்சை ஒட்டிய இடத்தில் பொம்மைக்கு வருமே, அதே கோடு. வாய் சிரித்துத் திறந்திருந்தது. உள்ளே பற்கள் தனித்தனியாக இல்லை. வளைத்து வைத்த ஒரே வெள்ளைப் பட்டை. நாக்கு இல்லை.

முகத்துக்குப் பின்னால் சுவரோரம் அச்சுகள் அடுக்கியிருந்தன.

"சுண்டெலீ..."

என் குரல். கொல்லையிலிருந்து.

"தோ வரேம்மா!" என்றாள் தென்றல். ஹாலில் அவள் குரல் கேட்கவில்லை. கொல்லைக் கதவுக்கு அப்பால் கேட்டது.

ஓடினேன்.

கொட்டகைப் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவு மட்டும் கீல் கழன்று சாய்ந்து திறந்திருந்தது.

உள்ளே தொட்டி விளிம்பில் அது உட்கார்ந்திருந்தது. என் நைட்டியின் பூக்கள்கூட அதன்மேல் மண்ணாகவே படிந்திருந்தன. மடியில் தென்றல். ஒரு கை தொட்டிக்குள் போய், கறுப்பு ஏட்டோடு ஒரு கவளம் எடுத்து, உருட்டி, அவள் வாயில் வைத்தது. அவள் தயிர்ச் சோறு தின்பதுபோல மென்றாள். கடைவாயில் கறுப்பு எச்சில் வழிந்தது. அந்தக் கை அதைப் புறங்கையால் துடைத்து, வழித்ததைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டது. நான் துடைப்பதுபோலவே.

பக்கவாட்டில் நகர்ந்தபோது அதன் முதுகைப் பார்த்தேன். முதுகு இல்லை. ஓடு. உள்ளே வெறும் குழி, அடியில் கொஞ்சம் குழம்பு தளும்பிக்கொண்டிருந்தது.

நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

"சாப்புட விடுங்க பாப்பாவ" என்றது என் குரல், நோயாளியிடம் நான் பேசும் பொறுமையோடு.

"எம் பேரக் குடு" என்றேன். வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஒம் பேரத் திருப்பிக் குடுத்துட்டேன்ல. கமலம், எம் பேரக் குடு."

தையல் கோட்டின் இருபுறமும் உதடுகள் விலகின.

"கமலமா? அதுவும் ஒருத்தவங்ககிட்ட கேட்டு வாங்குனதுதாங்க."

மூக்கால் ஒரு சீறல். பிறகு சிரிப்பு.

வாசலில் செடிக்கு ஊற்றும் ரப்பர் குழாய் கிடந்தது. மேல்தொட்டித் தண்ணீருக்குக் கரண்ட் தேவையில்லை. சுடாத மண்தானே, சனியனே, கரைந்து போ என்று திருகித் திறந்து அதன் முகத்தில் பீய்ச்சினேன். மூக்கு முதலில் தொங்கியது. பிறகு கன்னம் வழிந்து தென்றலின் தலைமுடியில் விழுந்தது. கண் இருந்த இடத்தில் என் பார்வை கடைசிவரை என்னையே முகம் சுளித்துப் பார்த்தது. தென்றல் வீறிட்டாள்.

"அம்மா! அம்மாவ ஊத்தாதீங்க! அம்மா!"

அவளை இழுத்து எடுத்தேன். தாடையை அழுத்தி, வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன். மண் வந்தது. வழிக்க வழிக்க வந்தது. அவள் என் விரலைக் கடித்தாள். ரத்தத்தோடு வழித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, வந்த ஆட்டோவில் ஏறினேன். பஸ் நிலையத்தில் திட்டக்குடி பஸ் புறப்படும் தறுவாயில் இருந்தது. வழி நெடுக அவள் ஜன்னல் பக்கம் திரும்பி விம்மிக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள், "பாப்பா யாரு வூட்டுப் புள்ள?" என்று என்னைச் சந்தேகமாகக் கேட்டாள். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குப் பொத்துக்கொண்டு அழுகை வந்தது.

இப்போது திட்டக்குடியில்தான் இருக்கிறோம். கிளினிக் போனது, முன்பணம் போனது, போகட்டும். ஆண்டாளம்மா ஆள் விட்டுத் தொட்டியை இடித்துவிட்டதாகச் சொன்னார். நல்லமுத்து வட்டத்தையே கலைத்துவிட்டார். டாக்டர் எடுத்த ஸ்கேன் படங்களில் தென்றலின் வயிறு சுத்தமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறாள், விளையாடுகிறாள், அப்பாவிடம் கொஞ்சுகிறாள்.

என்னை மட்டும் ஆண்ட்டி என்கிறாள்.

"பாப்பா பயந்துட்டா, சிவசங்கரி. கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்கிறார் பாலகிருஷ்ணன். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஊட்டினால் வாங்கிக்கொள்கிறாள். தலை பின்னினால் காட்டுகிறாள். விருந்தாளி வீட்டுப் பிள்ளைபோல அடக்கமாக இருக்கிறாள். ஒரு நாள் பொறுக்காமல், "சுண்டெலீ..." என்று கூப்பிட்டேன். அவள் கோபமாகத் திரும்பினாள்.

"அது எங்கம்மா கூப்புடுறது. நீங்க கூப்புடாதீங்க."

அழுதேன், கெஞ்சினேன், அவள் பிறந்தபோது எடுத்த படங்களைக் காட்டினேன். "எங்கம்மா" என்று படத்தைத் தடவினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

போன ஞாயிறு மதியம் அவர் வயலுக்குப் போயிருந்தார். நான் அடுக்களையில் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தேன். தென்றல் கொல்லைப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து யாரோடோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கடுகு வெடித்த சத்தத்தில் முதலில் பிடிபடவில்லை. பிறகு அவள் எழுந்து வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றாள். உதட்டோரம் ஈரமாக இருந்தது.

"ஆண்ட்டி."

"என்னம்மா?"

"எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. உங்க பேரு என்னன்னு."

சொல்ல வாயெடுத்தேன். பாலகிருஷ்ணன் தினமும் கூப்பிடுகிற என் பெயர் என் வாய்க்குள் இல்லை.

தென்றல் என் வாயையே பார்த்தாள். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பி, "அவங்களுக்குத் தெரியலியாம், அம்மா" என்றாள்.

வெளியே யாரோ மூக்கால் சீறிச் சிரித்தார்கள்.