முப்பத்தைந்தாவது வருஷத்துக்கு ஒரு பிணம்

ஞாயிற்றுக்கிழமை மாலை. இங்கிலாந்தில், யார்க்ஷயரின் அந்தச் சின்னப் போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஹேசல் எடுத்தாள்.

"ஸ்டான்லி அக்ராய்ட் பேசறேன். பக்கத்து வீட்டு ஹோரஸைக் கொன்னுட்டேன். வந்து கூட்டிட்டுப் போங்க. வர்ற வழியில கொஞ்சம் பால் வாங்கிட்டு வந்தா நல்லது..."

பத்தாவது நிமிஷம் ஹேசல் அக்ராய்டின் வீட்டில் இருந்தாள். பால் வாங்கவில்லை.

சமையலறைத் தரையில் ஹோரஸ் குப்புறக் கிடந்தார். மண்டையில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். பக்கத்தில் கிரிக்கெட் மட்டை.

அக்ராய்ட் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆக இன்னும் சில மாதங்களே பாக்கி இருக்கும் மனுஷன். முகத்தில் கல்யாணக் களை!

"ஏன் கொன்னீங்க?"

"அதெல்லாம் எதுக்கு மேடம்? விலங்கை மாட்டுங்க."

ஹேசலுக்குச் சந்தேகம் தட்டியது. ஒப்புக்கொள்ளும் கொலைகாரனைப் பார்த்திருக்கிறாள். அவசரப்படுத்தும் கொலைகாரனைப் பார்த்ததில்லை.

"உண்மையைச் சொல்லலேன்னா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்."

அக்ராய்ட் பதறிப் போனார்.

"போயிடாதீங்க! சொல்றேன். முழு பென்ஷன் வேணும்னா தேசியக் காப்பீட்டுச் சந்தா முப்பத்தஞ்சு வருஷம் இருக்கணும். எனக்கு முப்பத்திநாலுதான் இருக்கு. ஒரு வருஷம் ஸ்பெயின்ல மதுக்கடை வெச்சு நஷ்டப்பட்டேன், அப்ப சந்தா கட்டல."

"அதுக்குக் கொலையா?"

"கொலையே இல்ல. ஹோரஸ் டீ குடிக்க வந்தான், மாரைப் பிடிச்சான், விழுந்தான். மாரடைப்பு. செத்தவனைத்தான் மட்டையால ஒண்ணு போட்டேன். ஒரு வருஷம் உள்ள இருப்பேன். அப்புறம் ஒரு டாக்டரை விட்டு இது இயற்கைச் சாவுன்னு நிரூபிப்பேன். தண்டனை ரத்தாகும். தப்பா ஜெயில்ல போட்ட காலத்துக்குச் சந்தா கட்டினதா கணக்குல ஏத்துவாங்க, மேடம். சட்டமே இருக்கு."

ஹேசலுக்குத் தலை சுற்றியது.

"விட்டுப்போன வருஷத்தைக் காசு கட்டி வாங்கிக்கலாமே?"

"சொந்தக் காசையா?" அக்ராய்ட் நிஜமாகவே அதிர்ந்தார். "கஞ்சத்துக்குப் பேர்போன யார்க்ஷயர்காரன் மேடம் நான்."

அப்போது...

பிணம் முனகியது!

"யாருடா... என்னை அடிச்சது?"

அக்ராய்டின் கையிலிருந்து டீக்கோப்பை நழுவியது.

"ஹோரஸ்! நீ சாகலையா?"

"மயக்கம்டா. காலையில மாத்திரை போட மறந்துட்டேன்."

ஹேசல் விலங்கை எடுத்தாள்.

"இப்ப வாங்க. உயிரோட இருக்கற ஆளை அடிச்சிருக்கீங்க. இது நிஜக் குற்றம். தப்பே செய்யாதவனுக்குத்தான் அந்தச் சலுகை."

"அப்ப என் வருஷம்?"

கதவருகே செருப்புச் சத்தம். மனைவி பெரில். அக்கா வீட்டிலிருந்து திரும்பியவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"லூசு மனுஷா! அந்த வருஷம் போன வாரமே ஏறிடுச்சு. மக வேலைக்குப் போனப்ப பேத்தியை நீதானே பார்த்துக்கிட்ட? குழந்தை வளர்க்கறதுக்காக மக கணக்குல அரசாங்கம் ஏத்தின சந்தா வருஷம், சம்பாதிக்கற அவளுக்குத் தேவையில்ல. அதை உன் பேருக்கு மாத்திக் கொடுத்துட்டா. உனக்கு முழு பென்ஷன்!"

"ஏண்டி சொல்லல?"

"உன் பிறந்த நாளுக்குப் பரிசா சொல்லலாம்னு வெச்சிருந்தேன். செலவில்லாத பரிசு."

அக்ராய்டுக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பத்தைந்தும் முழுசாக இருக்கிறது... கையில் விலங்கும் இருக்கிறது.

"உள்ள இருக்கறப்ப பென்ஷன் வருமா மேடம்?"

"தண்டனை முடியற வரைக்கும் ஒரு பென்னி வராது."

அக்ராய்ட் வாசல் வரை நடந்தார். அங்கே நின்றார்.

"டீ கொடுப்பாங்களா?"

"கொடுப்பாங்க. இலவசம்."

"குளிருக்கு ஹீட்டர்?"

"நாள் முழுக்க ஓடும். அதுவும் இலவசம்."

அக்ராய்டின் முகத்தில் மறுபடி அந்தக் கல்யாணக் களை.

பெரில் ஒரு நொடி யோசித்தாள். அணைந்து கிடந்த தன் வீட்டு ஹீட்டரைப் பார்த்தாள். பிறகு குனிந்து மட்டையைக் கையில் எடுத்தாள்.

"ஹோரஸ்... கொஞ்சம் திரும்பிப் படுப்பா."