பதினாலாம் நம்பர் பிரேம்

ஓடாத மெஷினிலிருந்து தகவல் வந்திருந்தது. பிரிண்டர் தள்ளிய தாளைக் கிழித்து ஜாய்ஸ் இரண்டு தடவை படித்தாள். இன் 14. அதற்குக் கீழே வெறும் தாள்.

அன்று 1995ஆம் வருஷத்து ஆயுத பூஜை. திருச்சுழி ரோட்டோரத்து அந்த நூல் மில்லில் காலையிலேயே நூல் நூற்கிற ரிங் பிரேம்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு, ஆட்கள் பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பூஜையில் வைத்த மெஷினை மறுநாள் வரை யாரும் ஓட்டமாட்டார்கள். அதனால்தான் ஜாய்ஸ் இந்த நாளைக் கேட்டு வாங்கியிருந்தாள். ஓடுகிற மில்லில் அரை மணிக்கு ஒரு தரம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட மானேஜர் விடமாட்டார்.

ஹாலில் இருபது பிரேம். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பெட்டி. நூல் ஏறுகிற கதிர்கள் சுற்றுவதை எண்ணி, கம்பி வழியாகக் கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்பும். அதை வாங்கிக்கொள்கிற டிரைவரை எழுதியவள் ஜாய்ஸ். கம்ப்யூட்டரின் அடிப்படை நிரலான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கிற நிரல் அது. அதில் ஒரு பிசகு வந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் அப்படியே உறைந்து நின்றுவிடும். மூன்று வாரமாக நின்றுகொண்டிருந்தது. "டிரைவர் சரியில்லைன்னா ஆளை மாத்திர வேண்டியதுதானம்மா" என்று மானேஜர் சொல்லிச் சிரித்தார். ஜாய்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கே மாட்டுகிறது என்று தெரிய, டிரைவருக்குள் தடம் பதிக்கிற வரிகளைச் சேர்த்திருந்தாள். ஒரு பெட்டியின் தகவல் நுழைந்ததும் 'இன்', வேலை முடிந்து போகும்போது 'அவுட்', பக்கத்தில் பெட்டியின் எண். திரை உறைந்தால் அதிலிருப்பது போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் பிரிண்டருக்கு அனுப்பினாள். இந்த எளிய காரியம்தான் காலையிலிருந்து அவள் உயிரை வாங்கியது. தடம் வைத்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும். எடுத்தால் உடனே வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் கெர்னலைப் புதிதாகக் கட்டி, கம்ப்யூட்டரை அணைத்து, போட்டு, இருபத்தைந்து நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒன்பது தடவை ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, கிளார்க் கம்ப்யூட்டரையும் விடாமல் திரையின் நடுவில் சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார். எழுத்து மறைத்தது. துடைத்தால் வேதக்காரப் பொம்பளை வேண்டுமென்றே அழித்தாள் என்று பேச்சு வரும். எரிச்சலை அடக்கிக்கொண்டு தலையைச் சாய்த்துப் படித்தாள்.

ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான்கு வயது இவாஞ்சலின் அருப்புக்கோட்டையில் மாமியாரிடம் இருந்தாள். இரண்டு நாளாக, "அம்மா வந்ததும் தூங்குவேன்" என்று உட்கார்ந்திருந்து அழுதே தூங்கிப்போனாளாம். இன்றைக்கு வெளிச்சத்திலேயே வந்துவிடுவேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள் ஜாய்ஸ். அவளுக்கென்று வாங்கிய பொரிகடலைப் பொட்டலம் கைப்பைக்குள் இருந்தது.

இன் 14. பத்தாவது தடவை இப்போதுதான் கோளாறு மாட்டியிருக்கிறது. சந்தனம் பெட்டிக்குள் வழிந்திருக்கும், வேறென்ன?

துணியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனாள். எப்போதும் காதை அடைக்கிற இடம். இன்று அவள் செருப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எண்ணெய்ப் பிசுக்கும், பஞ்சுத் தூசியும், வெயிலில் வதங்கிய செவ்வந்தியும் கலந்து வீசிய வாடை ஒவ்வொரு பிரேமாகக் கூடவே வந்து, பதின்மூன்றோடு நின்றுவிட்டது. பதினாலில் மாலை இல்லை. சந்தனம் இல்லை. அதன் பெட்டியில் ஈரம் இல்லை. பெட்டியின் கம்பியை யாரோ எப்போதோ கழற்றிச் சுருட்டி, பிரேமின் மேல் வைத்திருந்தார்கள். சுருளின்மேல் விரற்கடைக்குத் தூசி. அந்த இடத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது, இப்போதுதான் வாரிய தலையிலிருந்து வருவது போல.

கேட்டில் வாட்ச்மேன் ஆண்டிச்சாமி பெரிய நோட்டோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வருகிறவருக்கு இன், போகிறவருக்கு அவுட் எழுதுவது அவர் வேலை.

"அண்ணே, பதினாலாம் பிரேமுக்கு ஏன் பூசை போடல?"

அவர் நோட்டை மூடினார். "அதைப் போயி ஏன் தாயி கேக்குறீக?"

"அது கம்பியக் கழத்திட்டாங்க. ஆனா அதுலருந்து தகவல் வருது."

"தங்கத்தாயின்னு ஒரு பொண்ணு. போன வருசம் பூசைக்கு மொத நாளு. மறுநாள் சந்தனம் வைக்கணுமேன்னு ஓடுற பிரேமையே தொடைச்சுக்கிட்டு இருந்துச்சு. சடை சிக்கிருச்சு. பின்கேட்டு வழியா லோடு வேன்ல கொண்டு போனாக."

"நோட்டுல?"

"இன் போட்டது அப்படியே கெடக்கு. பொணத்துக்கு எப்படித் தாயி அவுட் போடுறது? அன்னையிலருந்து நோட்டுல ஒரு ஆளு கூடவே நிக்கிது. உள்ள வந்த தலைக்கு ஒரு தலை வெளிய போகணும். போகலையே." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க இப்பவே கெளம்புங்க."

கிளம்பியிருக்கலாம். ஆனால் மூன்று வாரத்து ஆத்திரம் அவளை அறைக்கே இழுத்துப் போனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணும் பாவம்தான், நானும் பாவம்தான் என்று நினைத்துக்கொண்டாள். மானேஜரிடம் போய் இந்தக் கதையையா சொல்ல முடியும்? உட்கார்ந்து எட்டு வரி எழுதினாள். அவுட் வராத தகவலுக்காகக் காத்திருக்காதே. பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துத் தள்ளிவிடு. மட்டமான வேலை என்று அவளுக்கே தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாதவன்கூட இப்படி எழுதமாட்டான். ஆனால் எதுவும் மாட்டாது. கெர்னலைக் கட்டி, அணைத்து, போட்டாள். மணி ஐந்து பத்து.

பிரிண்டர் அசைந்தது.

இன் 14.

அவுட் 14.

ஜாய்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். கைப்பையை எடுத்து நாற்காலியில் வைத்தாள். முடிந்தது. வீட்டுக்குப் போகலாம்.

இன் 13. அவுட் 13.

சிரிப்பு நின்றது. பதின்மூன்றும் ஓடவில்லை.

இன் 12. அவுட் 12. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஹாலுக்குள் ஒரு மாலை தரையில் விழுந்த சத்தம் கேட்டது. இன் 11. இன்னொரு மாலை. பிரேம்களின் எண்கள் இந்த அறைக் கதவிலிருந்துதான் தொடங்குகின்றன என்பது அப்போது அவளுக்கு நினைவு வந்தது. ஒன்றாம் நம்பர் கதவை ஒட்டி இருக்கிறது.

இன் 8. அவுட் 8.

பிரிண்டரின் சுவிட்சை அணைத்தாள். அதன் விளக்கு அணைந்தது. அச்சு நிற்கவில்லை.

இன் 5. கதவிடுக்கு வழியாகப் பஞ்சு உருண்டு வந்தது.

இன் 3. தேங்காய் எண்ணெய்.

இன் 2.

இன் 1. அவுட் 1.

அமைதி.

பிறகு ஒரே ஒரு வரி. இன் 0.

பூஜ்யம் நம்பர் பெட்டி கிடையாது. பூஜ்யம் இந்தக் கம்ப்யூட்டர். இந்த அறை.

திரை கறுத்தது. கறுத்த கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் இன்னொன்று. காலையிலிருந்து வெறுங்கண்ணாடியில் ஒட்டியிருந்த குங்குமம், சரியாக அந்த நெற்றியின் நடுவில் இருந்தது.

ஜாய்ஸ் கண்ணை மூடினாள். "ஆண்டவரே. ஆண்டவரே." கழுத்தில் ஈரச் சடை ஒன்று பட்டு நகர்ந்தது.

பிரிண்டர் ஓடியது. கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தாள்.

அவுட் 0.

போய்விட்டது. மூச்சு வந்தது. கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

முன்னாலும் யாரும் இல்லை.

காலி நாற்காலி தெரிந்தது. திரையில் குங்குமம் இல்லை, சந்தனம் இல்லை. கைப்பை இல்லை. கதவைத் தள்ளினாள், கை பட்ட உணர்வே இல்லை. ஜன்னலுக்கு ஓடினாள்.

கேட்டில் அவளுடைய நீலச் சேலை நின்றது. அவளுடைய பை. ஆண்டிச்சாமியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்ன தாயி, பொட்டெல்லாம் வச்சிருக்கீக! நல்லாத்தான் இருக்கு. கெளம்பிட்டீகளா? இந்தா, அவுட் போட்டுட்டேன்."

பஸ் வந்து நின்றது.

ஜாய்ஸ் கத்தினாள். சத்தம் வரவில்லை. முதுகுப்பக்கம் பிரிண்டர் அசைந்தது. இன் 14. ஜன்னல் கண்ணாடியில் அடித்தாள். இன் 14. மகளின் பெயரைச் சொல்லி அடித்தாள். இன் 14.

பஸ் படியேறியவள் ஒரு தடவை திரும்பி மில்லைப் பார்த்தாள். சடையெல்லாம் பஞ்சு. இவாஞ்சலினின் பொரிகடலைப் பொட்டலத்தை நசுங்காமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.