ஹெப்சிபாவைக் காணோம்

ஹெப்சிபாவுக்கு ஓரிடத்தில் நிற்பது என்றாலே வேப்பங்காய். ஓடச் சொன்னால் ஓடுவாள். நகராட்சி அலுவலக வரிசையில் நிற்கச் சொன்னால்? வலது காலை மாற்றினாள். இடது காலை மாற்றினாள். எட்டி எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் சும்மா நில்லும்மா" என்றார் அப்பா டேவிட்ராஜ். பாதிப் புடவையோடு தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். சொன்னாரே தவிர, அவரும் கடிகாரத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக் காலை திருவண்ணாமலையில் ஓட்டப்பந்தயம். பதினோரு வயதுக்கு உட்பட்டவர்கள்தான் ஓடலாம். "இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள பொறப்புச் சான்றிதழ் வரலன்னா, உன் எடத்துல வேற பொண்ணதான் சேக்கணும்" என்று விளையாட்டு ஆசிரியர் வேடியப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒருவழியாக அவர்கள் முறை வந்தது. பிறப்புப் பதிவு மேசையில் இருந்த அமலா மேடம் கணினியில் பெயரைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஹெப்சிபான்னு யாருமே இல்லையே. இந்த ஊர்லதான் பொறந்தாளா?"

"இங்கதாங்க மேடம். பெரியாஸ்பத்திரியில."

"அப்பவே பேர் பதிஞ்சீங்களா?"

"பின்ன, பதியாமலா?" என்றார் அப்பா வீராப்பாக.

"ஹெப்சின்னு போட்டுப் பாக்கறேன்... ஊஹூம். இத்தன வருஷமா என்னதான் பண்ணீங்க?"

"ஆதார் இருக்குதே, போதும்னு இருந்துட்டோங்க. பேஜாராப் போச்சு."

"பதிவு இல்லன்னு எழுதித் தரேன். அத வெச்சு மேல மனு போடணும். மாசக்கணக்கா ஆகும்."

மாதக்கணக்கா! ஹெப்சிபாவின் கால்கள் அப்போதுதான் அசையாமல் நின்றன.

"புள்ள தோ நிக்குது. இல்லவே இல்லன்றாங்க" என்று முணுமுணுத்தபடி அப்பா, அம்மாவுக்கு போன் செய்ய வாசலுக்குப் போனார்.

ஹெப்சிபா பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் அக்காவின் மடியில் கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. ஹெப்சிபா கன்னங்களை உப்பவைத்து, கண்களை உருட்டிக் காட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது.

"பாப்பா பேர் இன்னாக்கா?"

"இன்னும் வெக்கல கண்ணு. கலசப்பாக்கத்துலருந்து எங்க மாமா வந்தாதான் வெப்போம். ஆஸ்பத்திரி சீட்டுல 'சூர்யகலா பாப்பா'ன்னு போட்டுக்கீறாங்க. அது என் பேரு."

ஹெப்சிபா துள்ளி எழுந்தாள். வாசலுக்கு ஓடினாள்.

"அப்பா, எனக்கு எப்ப பேர் வெச்சீங்க?"

"இப்ப அதுவா முக்கியம்? ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்குதான். வெம்பாக்கத்துலருந்து உங்க பெரியப்பா வர்ற வரைக்கும் காத்துகினு இருந்தோம்."

"அதுவரைக்கும் எப்படிக் கூப்ட்டீங்க?"

"பாப்பா, பாப்பான்னுதான்..." அப்பாவின் வாய் பாதியில் நின்றது.

அதற்குள் ஹெப்சிபா உள்ளே ஓடி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், நான் பொறந்தப்ப எனக்குப் பேரே இல்ல! எங்கம்மா பேர்ல தேடுங்க. சாரா!"

அமலா மேடம் தட்டினார். வரிசையே எட்டிப் பார்த்தது.

"பெண் குழந்தை. தாய் சாரா, தந்தை டேவிட்ராஜ். பேர் போடற எடம் மட்டும் காலியா கெடக்கு." மேடம் சிரித்துவிட்டார். "உன்ன பேர் சொல்லிக் கூப்ட்டா நீ எப்படி வருவ?"

அப்பா அசட்டுச் சிரிப்போடு, பெயர் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். மேடம் உள்ளே போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். அலுவலகம் மூடுவதற்குள் சான்றிதழ் ஹெப்சிபாவின் கையில் இருந்தது. தாள் இன்னும் சூடாக இருந்தது.

வரிசையிலிருந்து ஓர் அண்ணன் கழுத்தை நீட்டினார். "மேடம், போன வாரம் எனக்கும் இல்லன்னீங்களே. எங்கம்மா பேர்ல பாக்குறீங்களா?"

"எனக்கும் மேடம்!"

"எம் பொண்ணுக்கும்!"

அமலா மேடம் எழுந்து நின்று குரல் கொடுத்தார்: "பேர் வெக்கிறதுக்கு முன்னாடியே பொறந்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க!"

மொத்த வரிசையும் அந்தப் பக்கம் நகர்ந்தது.